அறுபதாவது ஸ்டேஜ்!

"அப்பாவுக்கு பர்த்டே ஸார். மூணு நாள் லீவு வேணும்."

மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க பர்த்டேவுக்கே நீங்க அரை நாள்தானே எடுத்தீங்க?"

"இது அறுபதாவது ஸார். அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர்ல."

இப்போது கண்ணை எடுத்தார். "மே மாசம் அப்பா ரிட்டயர்மென்ட்டுன்னு ரெண்டு நாள் போனீங்க. அப்பவே அறுபது முடிஞ்சிருக்கணுமே? உங்கப்பாவுக்கு வருஷத்துக்கு எத்தனை தடவைய்யா அறுபது வரும்?"

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

அப்பா சேலம் - ஆத்தூர் ரூட்டில் கண்டக்டர். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ். சர்டிபிகேட்டில் அவர் பிறந்தது 1964 ஜூன் 1. அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் ஹெட்மாஸ்டர், "வலது கையைத் தலைக்கு மேல கொண்டு போய் இடது காதைத் தொடு" என்பார். தொட்டுவிட்டால் வயசு வந்தாச்சு. ஜூன் 1 என்று எழுதிவிடுவார். அந்தக் கணக்குப்படி 2024 மே 31-ம் தேதி மாலை போட்டு, சால்வை போர்த்தி, அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் அப்பாவைப் பெத்த ஆயா கணக்கு வேறு. "பெரிய கார்த்திகை அன்னிக்கு வாசல்ல அகல் வெச்சுக்கிட்டிருந்தேன். வலி எடுத்திருச்சு. அப்புறம் தனுஷ்கோடியில ரயிலு கடலோட போன சேதி வந்தப்போ உங்கப்பன் ஒரு மாசத்துப் புள்ள. மடியில போட்டுக்கிட்டுத்தான் ரேடியோ கேட்டேன்."

ஆயா படித்தவள் இல்லை. ஆனால் சாட்சி பலமானது. தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது 1964 டிசம்பர் 22 இரவு. ஒரு மாசம் பின்னால் போனால் கார்த்திகை தீபம். ஜோசியர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி நவம்பர் 19 என்று முடிவு சொன்னார். குரோதி வருஷம், கார்த்திகை மாசம், கிருத்திகை நட்சத்திரம்.

"அப்போ ஹெட்மாஸ்டரோட பேனாவால எனக்கு அஞ்சரை மாச சம்பளம் நஷ்டம்" என்றார் அப்பா. அறுபது வயதில் அவருக்குப் பட்ட ஒரே வருத்தம் அதுதான்.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லீவைக் கொடுத்தார். "உங்க ஆயா இருந்தா நம்ம ஆடிட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

* * *

அறுபதுக்கு ஏன் இத்தனை மரியாதை? நம் தமிழ் வருஷங்கள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. ஒருவர் அறுபதை முடிக்கும்போது, பிறந்த வருஷத்தின் அதே பெயர் திரும்பி வருகிறது. 1964-லும் குரோதி, 2024-லும் குரோதி. வியாழன் ராசி மண்டலத்தைச் சுற்ற ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம். சனிக்கு ஏறக்குறைய முப்பது. ஒருவர் ஐந்து சுற்று, இன்னொருவர் இரண்டு சுற்று முடித்து, இரண்டு பேரும் பழைய இடத்துக்கே வந்து நிற்பது அறுபதாவது வருஷத்தில்தான். கண்டக்டர் பாஷையில் சொன்னால், ட்ரிப் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாச்சு. இனிமேல் புது ட்ரிப் ஷீட்.

அதனால்தான் புதுசாக ஒரு கல்யாணம். மணமக்கள் அதே ஆள்கள்!

நாள் பார்த்ததில் 2024 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை அமைந்தது. அன்றைக்கே கார்த்திகை தீபமும். இரண்டு வாரம் முன்னால்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்திருந்தது. அடுத்த மழைக்கும் வானம் தயாராக இருந்தது. "புயல் வருஷத்துல பொறந்தவனுக்கு வெயில்லயா கல்யாணம் நடக்கும்?" என்று அப்பாவே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு வேன். அப்பா, அம்மா, தங்கை, தங்கை மாப்பிள்ளை, அவர்களுடைய வாண்டு, அத்தை, நான். டிரைவர் நாலு ஏழுக்கு வந்தார். "ஏழு நிமிஷம் லேட்டு" என்று அப்பா வாட்சைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் ஏறியதும் தலையை எண்ணினார். "ஏழு ஃபுல்லு, ஒரு அரை... ரைட்!" என்று வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். 'ஏழு ஃபுல்'லில் டிரைவரும் சேர்த்தி. அவர் பயந்து போய் கிளப்பிவிட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு முந்நூறு கிலோமீட்டர், வருஷத்தில் இருநூற்றைம்பது நாள், முப்பத்தி நாலு வருஷம். இருபத்தைந்து லட்சம் கிலோமீட்டர். நிலாவுக்கு மூன்று முறை போய் வந்துவிடலாம். மனுஷர் ஆத்தூரைத் தாண்டியது மட்டும் விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். தீபாவளி, பொங்கல் என்றால் ஸ்பெஷல் பஸ். ஊர் முழுக்க வீட்டுக்குப் போகும். கொண்டு போய்ச் சேர்க்கிறவர் மட்டும் வீட்டுக்கு வரமாட்டார். அவருடைய பிறந்த நாளுக்கு எங்கள் வீட்டில் ஒரு தடவைகூட பாயசம் வைத்த ஞாபகம் இல்லை. எந்தத் தேதிக்கு வைப்பது?

சின்னசேலம், வேப்பூர், விருத்தாசலம் தாண்டி சிதம்பரம் வந்தபோது மணி ஒன்பது. சிதம்பரத்தில் இறங்கினால் இட்லிக்கு சாம்பார் கேட்காதீர்கள். கொத்சு கேளுங்கள். சுட்ட கத்தரிக்காயும் புளியும் வறுத்து அரைத்த மசாலாவும் சேர்ந்து, சாம்பாருக்குச் சித்தப்பா மாதிரி இருக்கும். நடராஜர் கோயிலில் சம்பா சாதத்துக்குத் துணை அதுதான். அப்பா எட்டு இட்லி சாப்பிட்டார். "மெதுவா சாப்பிடுங்க" என்றாள் அம்மா. அவருக்கு அது வராது. பத்து நிமிஷ ஹால்ட்டில் சாப்பிட்டுப் பழகிய தொண்டை. நாங்கள் இரண்டாவது இட்லியில் இருக்கும்போதே அவர் கை கழுவி, வாசலில் நின்று, "வண்டி எடுக்கலாமா?" என்றார்.

சீர்காழி தாண்டியதும் வைத்தீஸ்வரன்கோயில். செவ்வாய்க்கு உரிய தலம். நோய் தீர்க்கும் வைத்தியநாதரும் தையல்நாயகியும் இருக்கிற இடம். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் தெரு முழுக்க நாடி ஜோதிட போர்டுகள். "பெரியவரே, கட்டை விரல் ரேகை மட்டும் கொடுங்க. ஓலை தானா பேசும்" என்று ஒருவர் பிடித்துக்கொண்டார்.

அப்பா இரண்டு கட்டை விரலையும் நீட்டிக் காட்டினார். "வருஷக்கணக்கா டிக்கெட் கிழிச்ச விரல் தம்பி. ரேகை தேஞ்சு போச்சு. ஓலை பேசுனாலும் வேற யார் கதையையாவதுதான் பேசும்."

* * *

திருக்கடையூருக்குள் நுழைந்தாலே கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரிதான். லாட்ஜ், மண்டபம், பூக்கடை, சமையல்காரர், சாஸ்திரிகள், போட்டோகிராபர் என்று ஒரு ஊரே அறுபது வயது மாப்பிள்ளைகளை நம்பி இருக்கிறது. மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயதில் ஆயுள் முடிய, எமன் பாசக்கயிற்றை வீச, அது சிவலிங்கத்தின் மேலும் விழ, சுவாமி வெளிப்பட்டு எமனைக் காலால் உதைத்த இடம். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. அமிர்த கடேஸ்வரர், அபிராமி. தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிற கோயில். எமனே உதை வாங்கிய ஊர் என்பதால் ஆயுள் சம்பந்தப்பட்ட எல்லா சாந்தியும் இங்கே. ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது பிறந்தால் உக்ரரத சாந்தி. அறுபது முடிந்தால் சஷ்டியப்த பூர்த்தி. எழுபதுக்கு பீமரத சாந்தி. எண்பது தாண்டினால் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர் என்று அர்த்தம்.

இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. சரபோஜி மன்னர் வந்து "இன்னிக்கு என்ன திதி?" என்று கேட்க, அம்பாள் நினைப்பில் இருந்த அபிராமி பட்டர் அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். உயிருக்கே ஆபத்து. அவர் அந்தாதி பாட, அபிராமி தன் தோட்டைக் கழற்றி வானத்தில் வீச, அது நிலவாகப் பிரகாசித்ததாம். மேலதிகாரி கேட்டபோது தேதியைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு அவர்தான் முன்னோடி என்று அப்பாவிடம் சொன்னேன்.

"எங்க ஹெட்மாஸ்டர் தப்பா சொன்னதுக்கு யாரும் தோட்டை வீசலியே. அஞ்சரை மாச சம்பளம்டா" என்றார்.

மறுநாள் காலை நல்ல மழை. பிராகாரத்தில் எங்கே பார்த்தாலும் ஹோமம். குறைந்தது இருபது ஜோடி. எல்லா மாப்பிள்ளைகளுக்கும் நரை; எல்லாப் பெண்களுக்கும் முழங்கால் வலி. பட்டுப் புடவை சரசரக்க பேரன் பேத்திகள் ஓட, நடுவில் கலசங்கள் வரிசை வரிசையாக. வசதிக்கு ஏற்ப பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு. நாங்கள் பதினாறு.

பக்கத்து ஹோமத்தில் ஒரு சதாபிஷேகத் தாத்தா. அப்பாவைப் பார்த்து, "உமக்கு எத்தனை?" என்றார்.

"அறுபதுங்க."

"அடடே, சின்னப் பையன்!" என்று சொல்லிவிட்டு அவர் ஹோமத்துக்குத் திரும்பிக்கொண்டார். ரிட்டயர் ஆனதிலிருந்து கொஞ்சம் குனிந்தே நடந்துகொண்டிருந்த அப்பா, அதற்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆயுள் ஹோமத்தைவிட அந்த வார்த்தை நன்றாக வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முடிக்க வேண்டும் என்று சாஸ்திரிகள் விரட்டினார். கலச நீரைச் சல்லடை வழியாக இரண்டு பேர் தலையிலும் ஊற்றினோம். ஈரம் சொட்ட சொட்ட அம்மாவும் அப்பாவும் சிரித்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது ரொம்ப அபூர்வம். சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்ததே அபூர்வம்.

தாலி கட்டும்போது அப்பா கை நடுங்கியது. நாத்தனார் முடிச்சுக்கு அத்தை தயாராக நின்றாள். அம்மா மெதுவாக, "முதல் தடவை கட்டினப்போ நடுங்கலை" என்றாள்.

"அப்ப தெரியாது" என்றார் அப்பா.

என்ன தெரியாது என்று அம்மா கேட்கவில்லை. பந்தியில் இலை போட்டாச்சு என்று குரல் வந்துவிட்டது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பாரா எழுதாவிட்டால் பாவம். தலைவாழை இலை. வாழைப்பூ உசிலி, சேனை வறுவல், பூசணி மோர்க்குழம்பு, தக்காளி ரசம், சேமியா பாயசம், வடை. காவிரி டெல்டா சமையல்காரர்களுக்கு ரசம் வைக்கக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. அப்பா இலை முன்னால் உட்கார்ந்து, முதல் முறையாக வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். நாற்பது நிமிஷம் சாப்பிட்டார். பாயசம் இரண்டு தரம். அறுபது வருஷ அரியர்ஸ்!

* * *

சாயங்காலம் மழை சற்று விட்டது. வாசலுக்கு வாசல் அகல் விளக்கு. காற்று ஒன்றை அணைக்க, பெண்கள் பொறுமையாக மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயாவை நினைத்திருக்க வேண்டும். அவள் ஏற்ற ஆரம்பித்து, பாதியில் விட்ட விளக்குகள் இவை.

ராத்திரி எட்டு மணிக்கு என் தங்கை மாப்பிள்ளை என்னைத் தனியே அழைத்தார். "மச்சான், காரைக்கால் பக்கத்துலதானே? ஒரு எட்டு போயிட்டு வந்துரலாமா? காரைக்கால் அம்மையாரைப் பார்த்த மாதிரியும் இருக்கும்."

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது என்பதும், அங்கே சில சமாசாரங்கள் மலிவு என்பதும் இதைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திண்ணையிலிருந்து அப்பா குரல் வந்தது. "மாப்ள, அம்மையார் கோயிலு இந்நேரம் சாத்தற நேரம். மத்தது பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும். எதைப் பார்க்கப் போறீங்க?"

மாப்பிள்ளை வெலவெலத்துவிட்டார். அப்பாவே எழுந்து செருப்பு போட்டுக்கொண்டார். "வாங்க. பரோட்டா சாப்பிடலாம். பரோட்டா மட்டும்."

இருபது கிலோமீட்டர் தூரம். அந்த நேரத்தில் ஈரமான ரோட்டில் வேன் போக, அப்பா முன் ஸீட்டில் உட்கார்ந்து எதிரே வருகிற பஸ்ஸையெல்லாம் நம்பரோடு வாசித்துக்கொண்டு வந்தார். காரைக்காலில் நாலு கடையைத் தாண்டி ஐந்தாவது கடையில் நிறுத்தச் சொன்னார். அந்த ஊருக்கு அவர் வந்ததே இல்லை.

"எப்படிப்பா தெரியும்?"

"கல்லுல மாஸ்டர் சத்தத்தைக் கேளு. அவசரமா கொத்தறவன் பழசை மறைக்கிறான். இவன் நிதானமா கொத்தறான். நைட் ஹால்ட்டுல வருஷக்கணக்கா பரோட்டா தின்னவன்டா நான்."

கொத்து பரோட்டா பிரமாதம். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்க, சால்னா தொட்டுச் சாப்பிட்டோம். "கூட ஆள் இருந்தா இது இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரியாமப் போச்சே" என்றார் அப்பா. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அடுத்த வாய் இறங்கவில்லை.

ஏனென்றால் அப்பாவிடம் எனக்கு ஒரு பாக்கி இருந்தது. இருபத்தொரு வருஷ பாக்கி.

2003. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, இரண்டு கூட்டாளிகளோடு ஆத்தூருக்கு சினிமா பார்க்கக் கிளம்பினேன். வந்த பஸ்ஸில் கண்டக்டர் அப்பா. காக்கிச் சட்டை, கையில் மசி, தோளில் தோல் பை. கூட்டாளிகளுடைய அப்பாக்கள் ஒருவர் பாங்க், ஒருவர் வாத்தியார். "டேய், அது உங்கப்பா மாதிரி இல்ல?" என்று ஒருவன் கேட்டான். "இல்லடா. எங்க தெருக்காரரு" என்றேன்.

அப்பா இரண்டு ஸீட் தள்ளித்தான் நின்றிருந்தார்.

அடுத்த நிமிஷம் என்னிடம் வந்தார். "எங்க தம்பி போகணும்?" என்றார். யாரோ ஒரு பையனைக் கேட்கிற மாதிரி. பத்து ரூபாய் நோட்டை நீட்டினேன். மூன்று டிக்கெட், ஆறு ரூபாய். சில்லறை இல்லை. டிக்கெட்டின் பின்னால் '4' என்று எழுதிக் கொடுத்து, "இறங்கும்போது வாங்கிக்க" என்றார். நான் முன் வாசல் வழியாக இறங்கி ஓடிவிட்டேன். அன்று ராத்திரி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பையிலிருந்து வந்த பணத்தில்தான் இன்ஜினீயரிங் படித்தேன்.

* * *

மூன்றாம் நாள் தரங்கம்பாடி. திருக்கடையூரிலிருந்து எட்டு கிலோமீட்டர். ஊருக்குள் நுழைய ஒரு பழைய வாசல்; உள்ளே போனால் நேர்த் தெரு, பெரிய தூண்கள் வைத்த வீடுகள், கடைசியில் கடல். 1620-ல் டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்தவர்கள், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை கரையிலேயே நிற்கிறது. 1845-ல் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் இந்தக் கரையில் இறங்கிய சீகன்பால்க், தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-லிருந்து இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மூத்தது கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன் பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

அப்பா கோட்டை மதில் மேல் நின்று கடலையே பார்த்தார். அறுபது வயதில் இவ்வளவு கிட்டத்தில் நின்று அவர் கடலைப் பார்ப்பது இது இரண்டாவது தடவை. 2004 சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை என்று ஒரு மீனவர் சொன்னார். "இத்தனையும் பார்த்துட்டு நிக்குதே" என்று கோட்டைச் சுவரைத் தட்டிக் கொடுத்தார் அப்பா, பஸ்ஸைத் தட்டுகிற மாதிரி.

கிளம்பலாம் என்று வந்தால் வேன் கிளம்பவில்லை. இரண்டு நாள் மழையில் நனைந்ததில் என்னவோ கோளாறு. மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆகும். தங்கையும் மாப்பிள்ளையும் வாண்டோடு வேனிலேயே இருந்துகொள்ள, அத்தையும் அவர்களுக்குத் துணை. "நாம பஸ்ஸுல போயிருவோம்" என்றார் அப்பா. குரலில் மூன்று நாளாக இல்லாத உற்சாகம்.

மெயின் ரோட்டில் டவுன் பஸ் வந்தது. கூட்டம். அம்மாவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. அப்பா பின் படிக்கட்டுப் பக்கம், கம்பியைப் பிடிக்காமல் காலை அகட்டி நின்றுகொண்டார். பழக்கம்.

"பெரியவரே, படியில நிக்காதீங்க. உள்ள போங்க, உள்ள போங்க" என்றார் இளம் கண்டக்டர்.

வாழ்நாள் முழுக்க ஊரையே உள்ளே போகச் சொன்னவர், முகம் மலர்ந்து உள்ளே போனார்.

கண்டக்டர் மெஷினோடு வந்தார். சாதாரணக் கட்டண பஸ். 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அம்மாவுக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத்தனை வருஷம் கண்டக்டர் பொண்டாட்டியா இருந்தும் காசு குடுத்துத்தான் போனேன். இப்பத்தான் ஓசி" என்றாள்.

"பெரியவருக்கு டிக்கெட்?"

அப்பா என் பக்கம் பார்க்காமல், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவரே காசை எடுக்கக் கையைப் பைக்குக் கொண்டு போனார்.

"ரெண்டு திருக்கடையூர்" என்றேன். "அவர் எங்கப்பா."

பஸ் சத்தத்தில் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை என்று மேலும் சொன்னேன். "ஆத்தூர்ல கண்டக்டரா இருந்தாரு. முப்பத்தி நாலு வருஷம். நேத்துதான் அறுபதாங்கல்யாணம்."

"அப்படிங்களா ஸார்!" என்று கண்டக்டர் அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். தன் ஸீட்டில் வைத்திருந்த பையை எடுத்து, "உட்காருங்க ஸார். உங்க ஸீட்டுதான்" என்றார்.

"ட்யூட்டியில இருக்கிறவர் ஸீட்டு அது. நான் உட்காரக் கூடாது தம்பி" என்றார் அப்பா. ஆனால் அந்த ஸீட்டின் கம்பி மேல் கை வைத்துக்கொண்டு, திருக்கடையூர் வரை நின்றபடியே வந்தார்.

இறங்கினோம். பஸ் நகர்ந்தது. அப்பா என்னிடமிருந்து டிக்கெட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். தேதி, நேரம், ஸ்டேஜ் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அதே பையைத் துழாவி, இரண்டு இரண்டு ரூபாய் நாணயங்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னப்பா இது?"

"நாலு ரூபா. அன்னிக்கு வாங்காம இறங்கிட்ட" என்றார் அப்பா. "சில்லறை பாக்கி வெச்சுக்கிட்டு ரிட்டயர் ஆகக் கூடாதுடா."

சொல்லிவிட்டு, அம்மா கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட ஆரம்பித்தார்.